கொழும்புக்கு முதற்பயணம்: புறப்படும் முன் பூநகரியில் செய்ய வேண்டியவை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மேடையில் ஒரு வைத்தியரை ஏற்றினால் சீனி வருத்தம், பிறஷர், உப்பைக் குறையுங்கள் என்றுதான் பேசுவார் என நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் நாம் போதிய அளவு சொல்லிவிடுகிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் கொழும்புப் பயணம். வாழ்க்கையில் முதன்முறையாக, இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு, அந்தப் பெரிய நகரத்துக்குப் போய்த் திரும்புவது. இது ஒரு வைத்தியர் பேசுகிற விடயமா என்று கேட்டால், எமது அனுபவத்தில் மருந்தைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வைத்தியர்களாகிய நாம் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். கொழும்பில் இன்ன வைத்தியசாலையில் இன்ன கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். அந்தக் கடிதம் பல வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் போய் இருந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே அம்மா வேறொரு வருத்தத்துக்கு வருவா. போனீங்களோ அம்மா என்று கேட்டால், “இல்லை டொக்டர், அறுவடை முடியட்டும் எண்டு இருந்தனான்” என்பா. அறுவடை முடிந்த பிறகு மகனின் பரீட்சை வந்திருக்கும். பரீட்சைக்குப் பிறகு மகளுக்குப் பிள்ளைப்பேறு. இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியில் வரும்: “கொழும்பிலை இறங்கி எங்கை போறது எண்டு தெரியாது பிள்ளை.”

மார்பிலே ஒரு கட்டி என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது புற்றுநோய் அல்ல. ஆனால் ஸ்கான், பயொப்சி செய்யாமல் எவராலும் அதைச் சொல்ல முடியாது. காலபோகம் விதைத்து, களை பிடுங்கி, மொட்டைக்கறுப்பன் அறுத்துச் சூடடித்து முடியும் வரைக்கும் அந்தக் கட்டி வளராமல் பொறுத்திருக்கும் என்று எந்த வைத்திய நூலிலும் எழுதியில்லை. தாமதத்துக்குக் காரணம் அறியாமை என்று சிலர் சொல்வதை நாம் ஏற்பதில்லை. எமது பெண்களுக்கு வருத்தம் என்னவென்று நன்றாகவே தெரியும். தெரியாதது வழி.

வழி தெரியாமற் போனதற்குச் சரித்திரம் உண்டு. 1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்ரெம்பரில். இடைப்பட்ட 23 வருடத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் பிறந்து, படித்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள், புகையிரதம் ஒன்றைக் காணாமலே. 2002இல் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்ரில் மூடியது. இடையில் போய்வந்தவர்களுக்குக் கொழும்பு என்றால் ஓமந்தையில் இறங்கி நடந்தது, பொதியைக் கொட்டிக் காட்டியது, லொட்ஜில் பொலிஸ் பதிவு, இரவில் கதவு தட்டும் சத்தம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்றும் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா பயணம் என்றவுடன் முதலில் அடையாள அட்டையைத் தேடி இடுப்பில் செருகுகிறா. அந்தப் பயத்தைச் சிரித்துக் கடந்துவிட எமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பயத்தினால் 2007இன் கொழும்புக்கு இன்று யாரும் போகாமல் இருக்கவும் கூடாது.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதற்கேள்வி: கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா? இதை உங்கள் வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்படும் முன், கேரதீவுக்குப் பாதையில் ஏறிக் கடந்த காலத்தில் யாழ்ப்பாணமே எமக்குத் தூரம். இப்போது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். புற்றுநோய்ச் சிகிச்சை தெல்லிப்பழையிலேயே கிடைக்கிறது. அங்கே முடிகிற அலுவலுக்குக் கொழும்புக்கு ஓடுவது காசுக்கும் உடம்புக்கும் நட்டம். ஆனாலும் சிலவற்றுக்குக் கொழும்புதான். குழந்தையின் இருதயத்தில் துவாரம் என்றால் பொரளையிலுள்ள ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை. சில கண் வருத்தங்களுக்குக் கண் வைத்தியசாலை. சில புற்றுநோய்களுக்கு மகரகமை. கைக்குழந்தையுடன் போகிற இருபத்திரண்டு வயதுத் தாய்தான் எமக்கு மிகவும் கவலை தருகிற பயணி. அவளுக்குத் தன் வருத்தமென்றால் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவாள், பிள்ளையென்றபடியால் போயே தீருவாள். போய்ப் பயந்து திரும்பினால் இரண்டாம் தரம் போக வீட்டில் விடமாட்டார்கள். முதற்பயணத்தைச் சிறியதாகவும் சீராகவும் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். குழம்பிப்போன முதற்பயணத்துக்குப் பிறகு இரண்டாவது கிளினிக் திகதி வீணாகிப்போவதை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

நாள் குறிக்கும்போது கலண்டரில் போயா தினத்தைப் பாருங்கள். போயாவிலும் ஞாயிறிலும் கிளினிக் இல்லை. ஒவ்வொரு கிளினிக்குக்கும் குறித்த கிழமை உண்டு. செவ்வாய்க் கிளினிக்குக்குப் புதன்கிழமை போய் நின்றால் ஒரு கிழமை காத்திருக்க நேரும். மழையையும் கவனியுங்கள். எமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. கொழும்பில் வைகாசி தொடங்கிப் பெய்கிற மழை வேறு. இங்கே புழுதி பறக்கும்போது அங்கே காலி வீதியில் வெள்ளம் நிற்கும். குடை கொண்டு போகாமல் ஈரச் சேலையோடு கிளினிக் வாங்கில் அரைநாள் இருந்த அம்மாமார் உண்டு.

முதற்பயணத்தில் பொதுவாகச் சிகிச்சை நடக்காது. பதிவார்கள், பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், ஸ்கானுக்கு எழுதுவார்கள், அடுத்த திகதி தருவார்கள். இதைத் தெரியாமல் போகிறவர், ஒரு முழுநாள் நின்று ஒன்றுமே செய்யவில்லை என்று மனம் உடைந்து திரும்புகிறார். அந்த அடுத்த திகதிதான் முதற்பயணத்தின் பலன் என்று போகுமுன்பே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், முக்கியமாகக் காசு கடன் தந்த மைத்துனருக்கு.

மூன்று நாள் வையுங்கள். முதல்நாள் போய்ச் சேருவது, இரண்டாம் நாள் கிளினிக், மூன்றாம் நாள் பாதியாவது சும்மா இருக்க. இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, நேராகக் கிளினிக் வரிசையில் நின்று, அன்றிரவே திரும்ப பஸ் ஏறுகிற பழக்கம் எம்மவரிடம் உண்டு. லொட்ஜ் காசு மிச்சம் என்பார்கள். சீனி வருத்தக்காரர் அந்த முறையில் நேரத்துக்குச் சாப்பிடாமல், மருந்து போடாமல், வீங்கிய காலோடு வந்து சேருகிறார். மிச்சம் பிடித்த காசு இங்கே ஓட்டோவுக்கும் மருந்துக்கும் போய்விடும்.

போகிற வழி இரண்டு. பரந்தன் சந்திக்கு வந்து இரவு பஸ் பிடிக்கலாம், அல்லது கிளிநொச்சியில் புகையிரதம் ஏறலாம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, பகற் புகையிரதத்தையே நாம் சொல்வோம். எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு, பயணம் முழுக்க வெளிச்சம். ஆசனத்தை முற்கூட்டியே பதிவு செய்யுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் முதல்நாளும் ஒருக்கால் நிலையத்தில் கேளுங்கள். இரவு பஸ் என்றால், அது வெள்ளவத்தையில் இறக்குகிற நேரம் விடியாத நேரமாக இருக்கும். பொதிகளோடு தனியே காலி வீதியில் நிற்கக் கூடாது. யார் வந்து கூட்டிப் போவார் என்பதைப் பூநகரியிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

தங்குமிடம் பற்றி ஒன்று சொல்வோம், உறவினர்கள் கோபிக்கக் கூடாது. கொழும்பிலுள்ள சொந்தக்காரர் வீடு என்பது பெரும்பாலும் இரண்டு அறை பிளாட். மூன்றாம் மாடி, நான்காம் மாடி, சில கட்டடங்களில் லிஃப்ட் இல்லை. முழங்கால் ஏலாதவரை அங்கே ஏற்றினால் இறக்குவது பாடு. அவர்களும் வேலைக்குப் போகிற ஆட்கள். போகுமுன் எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு பை மொட்டைக்கறுப்பன் அரிசியும் கொஞ்சம் ஒடியலும் கொண்டு போனால் போதும்; தேங்காய் மூட்டை கட்ட வேண்டாம், வைக்க இடமில்லை. லொட்ஜ் என்றால் வைத்தியசாலைக்குக் கிட்டவாகப் பாருங்கள். கடிதத்தில் “கொழும்பு” என்று இருந்தாலும் மகரகமை நகருக்கு வெளியே. வெள்ளவத்தையில் தங்கி அதிகாலை மகரகமை போவதும், பொரளை போவதும் ஒரே மாதிரி அல்ல. கோட்டையிலிருந்து மகரகமைக்கு 138ஆம் இலக்க பஸ் போகும்; களனிவெளிப் புகையிரதமும் மகரகமையில் நிற்கும்.

கடிதங்கள். வைத்தியரின் கடிதம், கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், பழைய ஸ்கான் படங்கள், இரத்தப் பரிசோதனை ரிப்போட்டுகள், அடையாள அட்டை, குழந்தையென்றால் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும். எல்லாவற்றுக்கும் ஒரு போட்டோப் பிரதி வீட்டில் இருக்கட்டும், கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். இடப்பெயர்வில் எல்லாக் கடதாசிகளையும் பறிகொடுத்த சனம் நாம். இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குடிக்கிற மருந்துகளைப் பெட்டியோடு கொண்டு போங்கள். “சிவப்புக் குளிசை ஒண்டு, வெள்ளைக் குளிசை ரெண்டு” என்பது அங்கே உதவாது. நகை வேண்டாம். காசை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பது இலவசம். வெளியில் செய்யச் சொல்கிற ஒரு சில பரிசோதனைகளுக்கும் சாப்பாட்டுக்கும் ஓட்டோவுக்கும்தான் காசு. “விரைவாக உள்ளே விடுகிறேன்” என்று வாசலில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பாஷை. இதில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் எமது பெண்கள் கூசுவது இங்கேதான். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் கேட்பது உரிமை, சலுகை அல்ல. தமிழ் தெரிந்த தாதியரும் வைத்தியரும் கொழும்பில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருக்கிற மேசைக்கு நாம் போய்ச் சேர வேண்டுமே. ஆகவே ஒரு சிறிய அட்டையில் வைத்தியசாலையின் பெயர், கிளினிக்கின் பெயர், அறை இலக்கம் ஆகியவற்றைச் சிங்களத்திலும் எழுதுவித்துக் கொள்ளுங்கள். உங்களை அனுப்புகிற வைத்தியரிடமே கேட்கலாம், அல்லது எமது பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிற ஆசிரியரிடம். தேசிய வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, ரிட்ஜ்வே ஆகிய மூன்றும் கிட்டக்கிட்ட இருப்பவை. ஓட்டோக்காரர் பிழையான வாசலில் இறக்கிவிடுவது லேசு. அட்டை இருந்தால் பேச்சே தேவையில்லை, நீட்டினால் போதும்.

சில சொற்களைப் பாடமாக்கலாம். எங்கே என்பதற்குக் “கொஹெத”. எவ்வளவு என்பதற்குக் “கீயத”. மருந்து “பெஹெத்”, தண்ணீர் “வத்துர”, நோகுது என்பதற்கு “ரிதெனவா”. பஸ்ஸில் இறங்க “மெத்தன பஹினவா”. பெண்களை அக்கே என்றோ நங்கி என்றோ கூப்பிட்டால் முகம் மலரும். எமது “ஐயா” சிங்களத்தில் அண்ணன் ஆகிவிடும். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றும் விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். விளங்காமல் தலையாட்டுவதுதான் வைத்தியசாலையில் மிக ஆபத்தான பழக்கம். இது கொழும்புக்கு மட்டுமல்ல, கிளிநொச்சியில் தமிழிலேயே நாம் சொல்வதற்கும் பொருந்தும். “தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்” என்று கேட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

கிளினிக் நாளன்று விடிய முன்பே போய் இலக்கம் எடுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொன்னால் மட்டும் சாப்பிடாமல் போங்கள்; இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டே போங்கள். சீனி வருத்தக்காரர் பையில் இரண்டு பிஸ்கட்டாவது வைத்திருக்க வேண்டும். உள்ளே கேட்க வேண்டிய கேள்விகளை மூன்றாகக் குறைத்துக் கடதாசியில் எழுதுங்கள்: என்ன வருத்தம், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது எங்கே திரும்ப வர வேண்டும். வெளியே வந்தவுடன் அடுத்த திகதியை வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தெருவில் திடீரென மயக்கம், நெஞ்சு நோ என்றால் 1990 என்ற இலக்கத்தை அழுத்துங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கம் பூநகரியிலும் வேலை செய்யும்.

மூன்றாம் நாளின் பாதியைச் சும்மா வைக்கச் சொன்னோமல்லவா. வருத்தக்காரருக்கு என்ன சுற்றுலா என்று மாமியார் கேட்பா. கேட்கட்டும். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையால் மேற்கே இறங்கினாலும் தண்டவாளம், அதற்கப்பால் கடல். எமது கடல் பரவைக்கடல், முழங்காலளவு தண்ணீரில் நடந்து இறால் பிடிக்கிற கடல். கௌதாரிமுனைப் பக்கம் போகாதவர்களுக்கு அலை என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கடல் இரைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்னேரம் காலிமுகத்திடலில் அரை மணித்தியாலம் இருந்து, கச்சான் வாங்கிச் சாப்பிடுங்கள். விருப்பமென்றால் கொச்சிக்கடையில் முழுவதும் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போங்கள். அந்தோனியார் கோயிலும் அந்தப் பக்கமே. பிள்ளைகள் கூட வந்திருந்தால் 1877இல் திறந்த நூதனசாலையைக் காட்டலாம், தாமரைக் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். இதை ஆடம்பரமாக நாம் சொல்லவில்லை. கொழும்பு என்றால் வரிசையும் ஊசியும் மட்டும்தான் என்று மனதில் பதிந்துவிட்டால், இரண்டாவது திகதிக்கு முதல்நாள் இரவு அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். வைத்தியர்களாகிய எமக்கு அந்தக் காய்ச்சலை நன்றாகத் தெரியும்.

துணை. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் எம்மிடையே எத்தனை என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் “கணவரையோ மகனையோ கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சொல்வது புண்ணைக் கிளறுவதாகும். கூடப் போகக்கூடிய ஒரு பெண், கொஞ்சம் சிங்களம் தெரிந்தவள், 138இல் ஏறி இறங்கிப் பழகியவள், அவள்தான் தேவை. அப்படிப்பட்ட பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? இந்தப் பாடசாலையிலிருந்துதான் வர வேண்டும். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் இரண்டு இரவு கொழும்புக்குக் கூட்டிப் போவோம் என்று சங்கத்தில் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். ஏசி பஸ்ஸில் ஏற்றி மிருகக்காட்சிச்சாலையைக் காட்டித் திருப்பிக் கொண்டுவருகிற சுற்றுலா வேண்டாம். புகையிரதச் சீட்டைப் பிள்ளைகளே எடுக்கட்டும், வழியைப் பிள்ளைகளே கேட்கட்டும், மீற்றர் ஓட்டோவுக்கும் மற்ற ஓட்டோவுக்கும் வித்தியாசம் பார்க்கட்டும், மூன்று வைத்தியசாலைகளின் வாசலையும் வெளியில் நின்றாவது காணட்டும். ஒருவருக்கும் வருத்தமில்லாத நேரத்தில் வழி பழகுவது நல்லது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பிறகு தன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாள்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கும், இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாசிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலாசம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாஷை தெரியாத விமான நிலையத்தில் நின்றவர்கள் நீங்கள். அந்த நேரத்தில் உங்களைத் தேடி வந்த ஒருவரின் முகம் உங்களுக்கு இன்றும் மறந்திராது. நீங்கள் அனுப்புகிற காசுக்கு நன்றி. அதில் பயணச்செலவு பலருக்குத் தீர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் சகோதரி, மைத்துனி, பெறாமகள் யாராவது கொழும்பில் இருந்தால் அவர்களுடைய பெயரைத் தாருங்கள். காலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையிலோ கோட்டை நிலையத்திலோ வந்து நிற்கிற ஒரு ஆள், காசைவிடத் தட்டுப்பாடானவர்.

மண்டபத்தின் பின்பக்கம், தேநீர் மேசைக்கு அருகில், ஒரு நீலக் கொப்பி வைத்திருக்கிறோம். கொழும்பில் இருப்பவர்கள் உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம், இருக்கிற பகுதி, எந்தக் கிழமையில் உங்களால் வர முடியும் என்பவற்றை எழுதுங்கள். சிங்களம் தெரிந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி போடுங்கள். அடுத்த மாதம் குழந்தையோடு பொரளைக்குப் போகவேண்டிய ஒரு தாய்க்கு முதற் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். அவளுடைய கிளினிக் வியாழக்கிழமை. புதன்கிழமை பின்னேரம் கோட்டை நிலையத்துக்கு வரக்கூடியவர்கள் தேநீர் குடிக்குமுன் எம்மிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.